அம்மன் காலில் நாலு விரல்

ஜூலை 20, ஞாயிறு

வெயில். ஆடிக்காற்று பேருக்குத்தான், வீட்டுக்குள் புழுதி மட்டும் வந்து சேர்கிறது. காலையில் துணி ஊறவைத்து மறந்து, மத்தியானம் அலசினேன். வெள்ளைச் சட்டையில் நீலம் ஏறிப்போச்சு.

மூன்று மணிக்கு மேகலா கடை மாடி. கீழே அவள் ஜாக்கெட் தைக்கிற கடை, மேலே எங்கள் கூட்டம். மாதத்தில் ரெண்டு ஞாயிறு. மேகலா மாதிரி திருநங்கைகள், என்னை மாதிரி ஆண்களை விரும்புகிற ஆண்கள், பெண்களை விரும்புகிற பெண்கள், இன்னும் தங்களுக்குப் பெயர் வைத்துக்கொள்ளாத ரெண்டு பேர். மொத்தம் பதினாலு. வயசில் நான்தான் மூத்தவன், நாற்பத்தொன்பது. மூலை நாற்காலி என்னுது. போண்டா வாங்கி வருவது என் வேலை. அதற்கு மேல் ஒரு துரும்பும் கிள்ளிப் போட்டதில்லை. சேலம் ஜங்ஷன் ரயில்வே பார்சல் ஆபீஸில் இருபத்திரண்டு வருஷம், அங்கே ஒருத்தருக்கும் என்னைப் பற்றித் தெரியாது.

இன்றைக்கு நிகழ்ச்சிப் பேச்சு. ஆடிப்பதினெட்டு அன்று சாயங்காலம், சின்ன மண்டபத்தின் வாசல். பெரிய ஊர்களில் டிராக் என்று வேஷம் கட்டி மேடையில் ஆடுகிறார்கள், நாமும் செய்யலாமா என்று கேள்வி. மேகலா சொன்னது:

"நமக்கு எதுக்குங்க மேடை? நம்மூர்ல வண்டி வேடிக்கை இருக்குது. ஆம்பளைங்க அம்மன் வேஷம் கட்டி, லைட்டு வண்டியில விடிய விடிய அசையாம நின்னா ஊரே கன்னத்துல போட்டுக்குது. நாமளும் அப்படியே நிப்போம். சாமிக்குப் பதிலா நமக்கு முன்னாடி இருந்த நம்மாளுங்க வேஷம்."

எல்லோருக்கும் பிடித்துப்போனது. எனக்கும். குட்டியானை என்கிற சின்ன லாரி ஒன்று, நாலு வேஷம்:

1. நாற்பது வருஷம் கூத்தில் திரௌபதி கட்டி, ஆர்மோனியக்காரரோடு ஒரே வீட்டில் இருந்து செத்துப்போனவர்.
2. பள்ளிபாளையத்தில் லுங்கி சட்டையோடு தறி ஓட்டின அக்கா. அவரும் இன்னொரு அக்காவும் கடைசிவரை ஒரே ரேஷன் கார்டு. மீசை வைத்து எங்கள் கூட்டத்து மோனிகா கட்டுகிறாள்.
3. லாரி கிளீனராகப் போய், புடவையோடு திரும்பி வந்து, அதே ஊரில் இட்லிக்கடை போட்டவர்.
4. காலி.

நாலாவதுக்கு நிலா ஒரு படம் எடுத்து வந்திருந்தாள். பகலில் நவீன், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் கம்பெனியில் பில் போடுகிற வேலை. எங்களுக்கு எப்போதும் நிலா. அவள் மாமா சீரியல் லைட் வாடகைக்கு விடுகிறவர், பழைய ஆல்பம் அவரிடம் கிடைத்ததாம். ஏதோ ஒரு சின்னக் கோயில் வண்டி. அட்டைச் சிங்கத்துக்குப் பின்னால் மஞ்சள் பெயிண்ட் பூசின அம்மன், கிரீடம், எட்டுக் கை.

"மாமாவுக்குப் பேரு தெரியல. 'அது அந்த மாதிரிப் பையன்'னு மட்டும் சொன்னாரு. அந்த மாதிரின்னா நம்மாளுதானே?"

சிரிப்பு. படம் கை மாறி மாறி என்னிடம் வந்தது. என் கண் நேரே அம்மன் காலுக்குப் போனது.

"அண்ணா, உங்க காலத்து ஆளாத்தான் இருக்கும். யாருங்கண்ணா இது?"

"நான்தான்" என்றேன்.

உடனே கைத்தட்டல். மேகலா எழுந்து வந்து திருஷ்டி கழித்தாள். "மூலையில உக்காந்து போண்டா தின்னுட்டிருந்தது அம்மனா?" என்று ஒருத்தன். நானும் சிரித்தேன். பெயிண்ட் பூசின முகம், இருபத்தெட்டு வருஷம் ஆனது, யாரால் கண்டுபிடிக்க முடியும்.

அது நான் இல்லை.

ஜூலை 21, திங்கள்

மூட்டம், மழை இல்லை. மாம்பழப் பார்சல் ஓய்ந்துவிட்டது. ஆபீஸ் முழுக்கக் கோழிக்குஞ்சுப் பெட்டி, காது கிழிகிற சத்தம். பக்கத்து மேஜை போனில்: "ஏனுங்க, குஞ்சு வந்து மூணு மணி நேரமாச்சுங்க. உசுரு இருக்கறப்பவே வந்து எடுத்துட்டுப் போங்க."

ரசீதில் ரெண்டு தப்பு. நாற்பத்தொன்பது வயசில் சின்னப்பிள்ளை மாதிரி பொய். மதியச் சோறு இறங்கவில்லை.

இந்த நோட்டிலாவது உள்ளதை எழுதணும். இதை யாரும் பார்க்கப் போவதில்லை.

படத்தில் நிற்பது செ. பெயரை முழுசாக எழுதக் கை வரவில்லை. எனக்கு அப்போது இருபத்தொன்று, அவனுக்கு இருபது. கொலுசுப் பட்டறையில் ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து முத்து பற்றவைக்கிற வேலை. அவன் என்றால் எனக்கு உயிர். அவனுக்கும் அப்படித்தான். ஒரு வருஷம் அப்படி இருந்தோம், பட்டறையில் ஒருத்தருக்கும் தெரியாமல்.

வண்டியில் அம்மனாக நிற்கணும் என்று அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே ஆசை. அந்த வருஷம் கேட்டு வாங்கினான். அம்மன் நிற்பது உயரத்தில், முதுகுக்கு இரும்புக் கம்பி, இடுப்பில் பெல்ட். அப்படியும் வண்டி குலுங்கினால் ஆள் ஆடும். அதனால் சிங்கத்துக்குப் பின்னால் ஒருத்தன் ஒளிந்து உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொள்ளணும். அது நான். படத்தை உற்றுப் பார்த்தால் அம்மன் காலில் நாலு விரல் தெரியும். ஒன்றில் செம்பு மோதிரம். அது என் கை.

விடிந்து வண்டி கோயிலுக்குத் திரும்பி நின்றது. பெல்ட்டை அவிழ்த்தாச்சு, அவன் இன்னும் இறங்கவில்லை. பகல் வெளிச்சத்தில் லைட்டெல்லாம் சோகையாக எரிந்தது, பெயிண்ட் வெடித்து முகம் தெரிந்துவிட்டது. பக்கத்துத் தெரு ஆட்கள் அஞ்சாறு பேர். "டேய், இது பட்டறை ஒம்போதுடா. இவனெல்லாமா அம்மன் கட்டறது?" எல்லா வண்டியிலும் ஆம்பிளைதான் அம்மன். அதில் அவர்களுக்குக் குறை இல்லை. வேஷத்தைக் கலைத்தாலும் இவன் நடை மாறாது, அதுதான் குறை.

காலைப் பிடித்து இழுத்தார்கள். நான் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். காலில் எண்ணெயும் பெயிண்டும். இழுத்த இழுப்பில் கை நழுவிவிட்டது. வண்டி விளிம்பில் முகம் அடித்து விழுந்தான். முன்பல் ரெண்டு போச்சு.

ஒருத்தன் என் சட்டையைப் பிடித்தான். "நீ யாருடா, இவனுக்குச் சேக்காளியா?"

"இல்லீங்க. இவனைத் தெரியாதுங்க. லைட்டு பாக்க வந்தேன்."

செ. அதைக் கேட்டான். வாயில் ரத்தத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வாரத்தில் ஊரை விட்டுப் போய்விட்டான். நான் தேடவில்லை. பரீட்சை எழுதினேன், ரயில்வேயில் சேர்ந்தேன், சூரமங்கலத்தில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது.

அன்றைக்கு அந்த முகத்தைத் தெரியாது என்றேன். நேற்று அதே முகத்தை என்னுது என்றேன். கூசுகிறது.

ஜூலை 23, புதன்

தண்ணீர் வராத நாள். ஆறு குடம் பிடித்துவைத்தேன்.

நிலா வந்தாள், நோட்டும் பேனாவுமாக. நாலாவது வேஷம் "ரவி அண்ணன்", அதாவது நான். என்னையே பார்த்து என்னைக் கட்டப்போகிறாளாம். குவார்ட்டர்ஸுக்கு இதுவரை கூட்டத்திலிருந்து யாரையும் வரவிட்டதில்லை. எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "தம்பி யாருங்க?" என்றார். "ஆபீஸ் பையன்" என்றேன். அதுவும் ஒரு பொய். எத்தனையாவது என்று எண்ணவில்லை.

"எவ்வளவு நேரம் நின்னீங்கண்ணா?"

"ஏழு மணி நேரம்."

"காலு மரத்துப்போகலையா?"

"முதல் ரெண்டு மணி நேரம் ஒண்ணும் தெரியாது. அப்புறம் கெண்டைக்கால் தானா நடுங்கும். அஞ்சு விரலையும் மடக்கி நீட்டணும், வெளியே தெரியாம. இடது கால் முதல்ல மரத்துப்போகும்."

அத்தனையும் நிஜம். அந்தக் காலோடு ஏழு மணி நேரம் இருந்தவன் நான், எந்த நரம்பு எப்போது துடித்தது என்று இப்போதும் சொல்வேன். இவள் கண்ணை விரித்துக்கொண்டு எழுதினாள்.

"மனசுல என்ன நெனச்சீங்கண்ணா, மேல நிக்கறப்ப?"

அது கீழே இருந்தவனுக்கு எப்படித் தெரியும்? எல்லோரும் கும்பிட்டார்கள், சந்தோஷமாக இருந்தது என்றேன்.

"அப்புறம் அடிச்சாங்களாண்ணா? மாமாவை மறுபடி கேட்டேன், ஏதோ சண்டைன்னாரு."

"இழுத்தாங்க. காலைப் பிடிச்சிருந்தவன் கை நழுவிடுச்சு."

"பாவம், அவனும் என்ன பண்ணுவான்" என்றாள்.

போகும்போது குனிந்து என் காலைத் தொட்டாள். "நீங்க அன்னைக்கு நின்னதாலதாண்ணா நான் இன்னைக்கு நிக்கறேன்." கதவைச் சாத்திவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தேன். எனக்கே என் மேல் காறித் துப்பணும் போல இருந்தது.

ஜூலை 26, சனி

தூறல், அஞ்சு நிமிஷம். வாங்கி வைத்திருந்த ரெண்டு குடையில் ஒன்றை பஸ்ஸில் விட்டுவிட்டேன்.

நோட்டீஸ் அடித்து வந்துவிட்டது. மஞ்சள் தாள். "நம்ம வண்டி" என்று பெரிய எழுத்து. கீழே "நம்ம ஊரின் முதல் அம்மனுக்கு மரியாதை". பேரைப் போடாதீங்க, ஆபீஸில் தெரிந்துவிடும் என்று மேகலாவிடம் முன்னாலேயே சொல்லியிருந்தேன். "பெருமைக்கு ஆசைப்படாத மனுசன்" என்று அதற்கும் ஒரு பட்டம்.

அதோடு நிற்கவில்லை. மோனிகா தறிக்கார அக்காவைப் பற்றி விசாரிக்கப் பள்ளிபாளையம் போயிருந்தாள். அங்கே தறி ஓட்டுகிறவர்களுக்கு மெஸ் நடத்துகிற திருநங்கை ஒருத்தர், செல்வி அக்கா. சோறு போட்டு, கதையெல்லாம் சொல்லி, கடைசியில் "நானும் ஒரு காலத்துல சேலத்துல வண்டியில இருந்தவதான் சாமி" என்றாராம்.

"எந்த வண்டியாம்?" என்று கேட்டேன்.

"அதைக் கேக்கலைங்கண்ணா. நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டிருக்கறேன், வாரேன்னுட்டாங்க. நீங்க பாத்தா ஒருவேளை தெரியும். முன்பல்லு ரெண்டும் கட்டுனது, சிரிச்சா பளீர்னு இருக்கும்."

செ. உயிரோடு இருக்கிறான். நாற்பது மைலில் இருந்திருக்கிறான், இத்தனை வருஷம்.

அவன் இல்லை, அவள். இந்த நோட்டில் அவன் என்று எழுதினதெல்லாம் இனி அவள்.

ஜூலை 29, செவ்வாய்

தலைவலி. ரெண்டு மாத்திரை.

ஒத்திகை. குட்டியானை இன்னும் வரவில்லை, தையல் மேஜைதான் வண்டி. அதன் மேல் ஸ்டூல், ஸ்டூல் மேல் நிலா, இடுப்பில் அளவு டேப்பைக் கட்டி பெல்ட் என்று பேர். காலைப் பிடிக்க ஒருத்தனை உட்காரவைத்தார்கள். அவன் கணுக்காலைப் பிடித்தான், நிலா ஆடினாள்.

"அங்கே இல்லடா. குதிகாலைச் சேர்த்து. கட்டைவிரல் பின்னால, நாலு விரல் முன்னால. இறுக்காதே, இருக்கேன்னு தெரிஞ்சா போதும்."

குனிந்து காட்டியும் கொடுத்துவிட்டேன். நிலா ஆடாமல் நின்றாள். மேகலா இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "நின்னவருக்குப் புடிக்கவும் தெரியுது பாருங்க." எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது.

வீட்டுக்கு வந்து எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் எழுத உட்கார்ந்தேன். "ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்து ஏழு தடவை அழித்தேன். அவர்கள் முகம் எப்படி மாறும் என்று ஒவ்வொருத்தராக நினைத்துப் பார்த்தேன். நிலா முகத்தில் நின்றுவிட்டேன். இந்தப் பதினாலு பேரை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? தங்கச்சி தீபாவளிக்கு ஒரு போன் பண்ணுவாள், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 2, சனி

செய்ய வேண்டியது:
— மின்கட்டணம்
— சட்டை இஸ்திரி
— பள்ளிபாளையம் போய்ச் செ.யைப் பார்த்து, நாளைக்கு முன்னால் எல்லாம் சொல்லி, காலில் விழுவது

முதல் ரெண்டும் ஆச்சு.

ஈரோடு பஸ்ஸில் ஜன்னல் சீட். சங்ககிரி வரைக்கும் என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்தேன். பின்சீட்டில் ஒரு அம்மா போனில்: "நாளைக்குப் பதினெட்டாச்சே, ஜேடர்பாளையம் போவோணும், நீ ஊட்டைப் பூட்டிப்போட்டு நேரா அங்கயே வந்துரு." எல்லோருக்கும் ஆற்றுக்குப் போகிற அவசரம். காவிரியில் தண்ணீர் நிறைய என்று பேச்சு.

பள்ளிபாளையத்தில் இறங்கி விசாரித்தேன். மெஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம். தகரக் கொட்டகை, வாசலில் கை கழுவுகிற டிரம். நான் இந்தப் பக்கம் ஒரு சைக்கிள் கடை ஓரமாக நின்றேன்.

அவள்தான். உடம்பு போட்டிருக்கிறது, நரை, மூக்குத்தி, வாடாமல்லி நிறத்தில் நைட்டி, மேலே துண்டு. சாம்பார் வாளியோடு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தாள். "சாமி, ரசம் ஊத்தட்டுங்களா? போதும்ங்காத, தறி ஓட்டற ஒடம்பு." ஒரு பையன் ஏதோ சொன்னான், சிரித்தாள். பல் பளீரென்று தெரிந்தது. இத்தனை தூரத்திலிருந்தே தெரிந்தது.

ரோட்டைக் கடந்தால் போதும். லாரி போகட்டும் என்று நின்றேன். லாரி போச்சு. நூல் ஏற்றின வேன் போகட்டும் என்று நின்றேன். சைக்கிள் கடைக்காரர், "யாரையாச்சும் பாக்கோணுங்களா?" என்றார். "இல்லீங்க, பஸ்ஸுக்கு" என்றேன். அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். சாப்பாடு இல்லை, சாப்பிடத் தகுதியும் இல்லை.

தாளில் எழுதிவைத்திருக்கிறேன். நாளைக்கு மைக் கையில் வந்ததும் படித்துவிடுவது. இது சத்தியம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடி 18

வெயில் தணிந்து நல்ல காற்று. ராத்திரி மணி எட்டு. இப்போதே எழுதாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி எழுதிவிடுவேன்.

நிகழ்ச்சி அஞ்சு மணிக்கு. குட்டியானைக்குச் சாமந்திச் சரம், சீரியல் லைட், நிலாவின் மாமா காசு வாங்காமல் கட்டிவிட்டார். கூட்டம் நாங்கள் நினைத்ததைவிட அதிகம். பதினெட்டுக்கு ஆற்றுக்குப் போகாத தெருச்சனம் முழுக்க வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. திரௌபதி நின்றார், ஒருத்தர் அவர் வாழ்க்கையைப் படித்தார். ஆர்மோனியக்காரர் செத்த பிறகு அவர் பூ வைத்துக்கொள்ளவே இல்லை என்று சொன்னபோது முன்வரிசையில் ஒரு அம்மா மூக்கைச் சிந்தினார். மோனிகா மீசையும் லுங்கியுமாக, கையில் ரேஷன் கார்டு. விசில் பறந்தது. "அட, எங்க பெரியம்மா ஒருத்தங்களும் இப்படித்தான்" என்று கூட்டத்தில் ஒரு குரல். இட்லிக்கடைக்காரருக்கு நிஜமாகவே ஆவி பறக்க இட்லி. நல்ல நிகழ்ச்சி. நான் செத்தாலும் மறக்க மாட்டேன், அதற்காகவும், அடுத்து நடந்ததற்காகவும்.

எனக்கு முன்வரிசையில் தனி நாற்காலி, தோளில் மரியாதைத் துண்டு. பக்கத்து நாற்காலியில் செல்வி. வந்து உட்கார்ந்ததும் என்னைப் பார்த்தாள். தெரிந்துகொண்டாள், வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சட்டைப் பையில் தாள்.

மேகலா மைக்கில், அந்தப் படத்தைப் பெரிசாக அடித்த பேனரைக் காட்டி: "செல்வி அக்காவும் அந்தக் காலத்துல சேலத்துல வண்டியில இருந்தவங்க. அக்கா, இது யாருன்னு தெரியுதாங்க?"

நான் எழுந்தேன். தாளைப் பையிலிருந்து பாதி எடுத்துவிட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள், பேனரைப் பார்த்தாள்.

"தெரியாம என்னங்க. நம்ம ரவி. அன்னைக்கு அப்படி நின்னானுங்க, கண்ணைக்கூடச் சிமிட்டல. நான் கீழ உக்காந்து காலைப் புடிச்சிட்டிருந்தேன். இந்தா பாருங்க, இந்த நாலு விரலு, இது என்ற கை."

கைத்தட்டல் நிற்கவே இல்லை. மேகலா ரெண்டு பேரையும் சேர்த்துப் படம் எடுத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது சொன்னால் அவள் பொய் சொன்னதாகிவிடுமே என்று அந்த நொடியில் நினைத்தேன். அது வெறும் சாக்கு. தாளை மறுபடி உள்ளே தள்ளிவிட்டேன்.

அதற்கப்புறம்தான் பெரிய கொடுமை. நிலா அம்மனாக ஏறினாள். மஞ்சள் பெயிண்ட், எட்டுக் கை, கிரீடம். செல்வி மேகலாவிடம், "காலு புடிக்க ஆளு வேண்டாம். பழகுன கை, நானே புடிக்கறேன்" என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முட்டி வலியோடு முனகிக்கொண்டே வண்டியில் ஏறி, அட்டைச் சிங்கத்துக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்தாள். வண்டி தெருவைச் சுற்றி வந்தது. சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சிங்கத்துக்கு மேலே நிலாவின் கால் தெரிந்தது, காலில் நாலு விரல். என் வேலையை அவள் செய்தாள். நான் துண்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

நிலா கடைசிவரை ஆடவில்லை.

முடிந்து ஏழு மணிக்குச் செல்வியை பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிப்போனேன். கையில் இட்லிப் பொட்டலம். நடக்கும்போது நான்தான் ஆரம்பித்தேன், படத்தைப் பற்றி, மன்னிப்பு என்று ஏதோ உளறினேன். கையை ஆட்டி நிறுத்தினாள்.

"படம் கெடக்குது உடு. அது அம்மன் மூஞ்சி. எனக்கும் சொந்தமில்ல, உனக்கும் சொந்தமில்ல. தெரியாதுன்னு சொன்னியே, அதுகூடச் செரி. சின்ன வயசு, அடிக்குப் பயந்துட்ட. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீ கையை எப்ப உட்ட? அவனுக இழுத்தப்பவா, அதுக்கு முந்தியேவா?"

"இழுத்தப்பதான்" என்றேன். "எண்ணெய். நழுவிடுச்சு."

என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "செரி" என்றாள். பஸ் வந்தது, கூட்டத்தில் இடித்துக்கொண்டு ஏறிவிட்டாள். ஜன்னலில் முகம் தெரியவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

பஸ்ஸில் எழுதுவது. எழுத்து கோணல்மாணல். லீவு சொல்லியாச்சு, காரணம் கேட்டார்கள், "சொந்தக்காரங்களைப் பாக்கணும்" என்றேன்.

விடிகாலையில் எழுந்து பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. கால் அவளுடையது. கை எப்போது போனது என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்துகொள்ளவா கேட்டாள். நான் சொல்கிறேனா என்று பார்த்தாள். அன்றைக்கு வண்டியடியில் ஒன்று, நேற்று மைக் முன்னால் வாயை மூடிக்கொண்டது ஒன்று, பஸ் ஸ்டாப்பில் மூன்றாவது தடவையும் தெரியாது என்றுதான் சொல்லியிருக்கிறேன், வேறு வார்த்தையில்.

ஆறு மணிக்குக் குரூப்பில் போட்டேன், இந்தத் தடவை அழிக்காமல்: "படத்தில் இருப்பது நான் இல்லை. செல்வி. அவள் நேற்று சொன்னது என்னைக் காப்பாற்ற. காலைப் பிடித்திருக்கிற கைதான் என்னுது. அவளை அடித்தபோது யாரென்று தெரியாது என்று சொன்னவனும் நான்தான்."

பதினொரு பேர் பார்த்துவிட்டார்கள். ஒருத்தன் கும்பிடு போட்டு, அதையும் எடுத்துவிட்டான். மேகலா: "நேர்ல வாங்க, பேசணும்." நிலா: "அப்ப நான் யாரா நின்னேன்?" "செல்வியா நின்னே" என்று எழுதினேன். மூலை நாற்காலி இனி இருக்குமா தெரியாது.

சங்ககிரி தாண்டியாச்சு.

இன்னும் ஒன்று பாக்கி. இந்த நோட்டில் 21ஆம் தேதி, உள்ளதை எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுதின பக்கம். அதை அடிக்கவில்லை, அப்படியே கிடக்கட்டும். நிலாவிடமும் அதையே சொன்னேன், நேற்று செல்வியிடமும் அதையே சொன்னேன். இருபத்தெட்டு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் அதுதான்.

காலில் எண்ணெய் இல்லை. கை நழுவவில்லை. அந்தப் பக்கத்துத் தெரு ஆட்கள் வருவதைச் சிங்கத்தின் காதுக்குப் பக்கத்திலிருந்து பார்த்தேன். வண்டியைத் தொட இன்னும் பத்தடி இருந்தது. அப்போதே கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். இரவு முழுக்க அசையாமல் நின்ற செல்வி, அப்போதுதான் முதல் தடவையாகக் குனிந்து பார்த்தாள்.

பள்ளிபாளையம். இறங்கணும்.